சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வேலை: சென்னையில் பாஸ்போர்ட் சரண்டர் சேவை எப்படி?

வேறொரு நாட்டின் குடியுரிமை வாங்கியவர் தன் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, அதற்குச் சான்றாக ‘சரண்டர் சர்டிபிகேட்’ என்ற ஒற்றைத் தாளை வாங்கிக்கொள்ளும் சேவை இது. சென்னையில் இதற்குப் பொறுப்பு, அண்ணா சாலை ராயலா டவர்ஸில் இருக்கும் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம். உள்ளே நுழையும் வழி பாஸ்போர்ட் சேவா இணையதளம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். குறைத்த ஒன்றரையில் ஒன்று, ஆன்லைன் படிவம் பேசும் மொழிக்காக. மீதி அரை, யார் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை அது தெளிவாகச் சொல்லாததற்காக. கவுன்ட்டரில் நடக்கும் வேலைக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் நாலரை தாராளமாகக் கொடுக்கலாம். இந்த வேலை இழுத்தடிக்கும் இடங்களில் பெரும்பாலும் அலுவலகம் காரணமாக இருப்பதில்லை. ஒரே ஆளின் நாலு தாளில் நாலு பெயர் இருப்பதுதான் காரணம்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சரண்டர் வேறு, ரினன்சியேஷன் வேறு. வாடகை வீட்டுக் கணக்கில் சொன்னால், ‘காலி செய்கிறேன்’ என்று நோட்டீஸ் கொடுப்பது ரினன்சியேஷன். காலி செய்து போன பிறகு சாவியைத் திருப்பிக் கொடுப்பது சரண்டர். 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு நோட்டீஸ் வகை. சிங்கப்பூர் போல, பழைய குடியுரிமையை விட்டதற்குச் சான்று காட்டினால்தான் புதியதைத் தருவோம் என்னும் நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அது வேண்டும். 9-ஆம் பிரிவு சாவி வகை. இன்னொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்ற கணமே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடுகிறது. யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை. பீரோ லாக்கரில் இருக்கும் நீலப் புத்தகத்தில் இன்னும் ஆறு வருஷம் செல்லுபடி இருந்தாலும் அது அன்றோடு வெறும் புத்தகம்தான். அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா போய்க் குடியுரிமை உறுதிமொழி எடுத்தவர்கள் எல்லாரும் இந்த இரண்டாவது வகை. இணையத்தில் தேடும்போது இரண்டுக்குமான படிவங்களும் கலந்துகட்டி வரும். வெளிநாட்டில் உள்ள சில இந்தியத் தூதரகங்கள் இரண்டாவது வகைக்கே ‘ரினன்சியேஷன்’ என்று தலைப்புப் போடுவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

‘அந்த நாடு ரெண்டும் வச்சிக்கலாம்னு சொல்லுதே’ என்பது அடிக்கடி வரும் வாதம். அந்த நாடு சொல்லலாம். ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் பழைய குடியுரிமையை விடச் சொல்லிக் கேட்பதில்லை. இலங்கை தன் மக்களுக்கு இரட்டைக் குடியுரிமைக்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் இந்தியச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. யாழ்ப்பாணத்து நண்பர் கனடாவில் செய்ததைப் பார்த்து தஞ்சாவூர்க்காரர் செய்தால் மாட்டிக்கொள்வார்.

சென்னையில் செய்யலாமா, குடியுரிமை வாங்கிய நாட்டிலேயே முடித்துவிட்டு வரலாமா? முடிந்தால் அங்கேயே முடிப்பதுதான் நல்லது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விண்ணப்பம் விஎஃப்எஸ் என்ற தனியார் நிறுவனத்தின் மையம் மூலமாகத் தூதரகத்துக்குப் போகிறது. சரண்டர் முடிந்த கையோடு ஓசிஐ, அதாவது வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை, அதற்கான விண்ணப்பத்தையும் அங்கேயே போடலாம். அங்கே தினமும் நூறு பேர் இதே தாளோடு வருவதால், குடியுரிமைச் சான்றிதழைப் பார்த்ததும் எது எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். சென்னையில் பாஸ்போர்ட் எடுக்க வருகிறவர்கள் கூட்டத்தில் சரண்டர் செய்ய வருகிறவர் அபூர்வம். அதனால் இங்கே நம் தாள்கள்தான் நமக்காகப் பேச வேண்டும். சென்னை யாருக்கு ஏற்றது என்றால், ஊர் திரும்பி நீண்ட கால விசாவில் தங்கியிருப்பவர்களுக்கு, பழைய பாஸ்போர்ட் இங்கே பெற்றோர் வீட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, பத்துப் பதினைந்து வருஷம் முன்பு குடியுரிமை வாங்கி இதை மறந்தே போனவர்களுக்கு. மூன்று வார விடுமுறையில் வந்து, கல்யாணம், கோவில், ஜவுளி எடுப்பதற்கு நடுவே இதையும் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

ஆன்லைன் வேலை ஒரு மாலையில் முடியும். பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன் என்பதுதான் அரசு தளம். இதே சாயலில் பெயர் வைத்து, அசோகச் சின்னத்தையும் ஒட்டிக்கொண்டு பணம் பிடுங்கும் போலித் தளங்கள் நிறைய இருப்பதாக வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று முகவரிப் பட்டையைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். கணக்குத் தொடங்கும்போது இப்போதைய முகவரிக்கு உரிய அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்னையில் எடுத்த பாஸ்போர்ட்தானே என்று கோவையில் குடியிருப்பவர் சென்னையைத் தேர்ந்தெடுப்பது தவறு. மதுரை, திருச்சி, கோவை மூன்றுக்கும் தனித்தனி மண்டல அலுவலகம் இருக்கிறது. உள்ளே போனதும் புதுப் பாஸ்போர்ட்டுக்கான இணைப்பைத் தொடக் கூடாது. சரண்டர் சர்டிபிகேட்டுக்கு என்று தனி இணைப்பு உண்டு. கட்டணத்தை அங்கேயே உள்ள ஃபீ கால்குலேட்டர் காட்டும். ஆன்லைனில் கட்டி, நாள் குறித்துக்கொண்டால் ஏஆர்என் என்ற விண்ணப்ப எண்ணோடு ரசீது வரும். அந்த ரசீதில் அச்சாகியிருக்கும் முகவரிதான் கணக்கு. முன்பு பாஸ்போர்ட் எடுத்த பழக்கத்தில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என்று கால் போன சேவா கேந்திரத்துக்குப் போய் நின்றால் அன்றைய நாள் வீண். சந்தேகம் இருந்தால் 1800-258-1800 என்ற இலவச எண்ணில் ஏஆர்என்னைச் சொல்லிக் கேட்கலாம்.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் உண்மையில் கண்ணி. ‘வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தேதி’. பலரும் கையில் இருக்கும் புதுப் பாஸ்போர்ட்டைத் திறந்து, அது வழங்கப்பட்ட தேதியை எழுதிவிடுகிறார்கள். அது இல்லை. உறுதிமொழி எடுத்த தேதி. குடியுரிமைச் சான்றிதழில் இருப்பது அதுதான். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மாத இடைவெளி இருந்து, அந்த ஒன்றரை மாதத்தில் பழைய பாஸ்போர்ட்டில் ஒரு குடியேற்ற முத்திரையும் இருந்தால், எழுதிய தேதி தப்பா, மறைத்ததா என்ற கேள்வி வரும். முதலிலேயே சரியாக எழுதியவருக்கு அந்தக் கேள்வியே வராது.

எடுத்துப் போக வேண்டிய தாள்கள் அதிகமில்லை. கடைசியாக எடுத்த இந்தியப் பாஸ்போர்ட்டின் அசல், காலாவதியாகி எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி. வெளிநாட்டுப் பாஸ்போர்ட், அதில் இந்திய விசா பக்கம். குடியுரிமைச் சான்றிதழ். சென்னை முகவரிக்குச் சான்று. எல்லாவற்றுக்கும் அசலோடு இரண்டு செட் நகல், ஒவ்வொரு நகலிலும் கையெழுத்து. இந்தியப் பாஸ்போர்ட்டில் முதல் பக்கங்களை மட்டும் நகலெடுத்து வருவது வழக்கமான தவறு. தந்தை பெயர், தாய் பெயர், கணவன் அல்லது மனைவி பெயர், முகவரி, ஃபைல் எண் எல்லாம் இருப்பது கடைசிப் பக்கத்தில். சரிபார்க்கிறவர் முதலில் புரட்டுவதே அதைத்தான். ஒப்படைப்பதற்கு முன் மொத்தப் புத்தகத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது நல்லது. 36 பக்கம், அரை மணி நேர வேலை.

ஜெராக்ஸ் கடையில் ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழில், உரிய அதிகாரமின்றி இதை நகலெடுப்பது தண்டனைக்குரியது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும். கடைக்காரர் அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுப்பார். அல்லது கொண்டு போனவரே பயந்து நகலெடுக்காமல் அசலோடு மட்டும் வந்து நிற்பார். சட்டபூர்வமான தேவைக்கு நகலெடுக்கத் தடையில்லை என்பதே அமெரிக்கக் குடியேற்றத் துறையின் நிலை. பாஸ்போர்ட் அலுவலகத்தில் கொடுக்க எடுப்பது சட்டபூர்வத் தேவைதான். கலர் நகல் வேண்டாம், கறுப்பு வெள்ளை போதும். இன்னொன்று, முதல் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் சான்றிதழின் அசலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அது பல வாரம் கழித்துத் தனி உறையில் வரும். உறுதிமொழி எடுத்த அன்றே, தாள் கையை விட்டுப் போவதற்கு முன், நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி பெயர் விவகாரம். இந்த ஊர்க்காரர்களுக்கு இதுதான் சரண்டரின் முக்கால்வாசி.

உதாரணத்துக்கு, பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். முருகேசன்’. தந்தை சண்முகம். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரிக்கச் சொல்வார்கள். அப்போது இரண்டு வழி. கிவன் நேம் கட்டத்திலேயே ‘முருகேசன் சண்முகம்’ என்று இரண்டையும் எழுதி, சர்நேம் கட்டத்தைக் காலியாக விடுவது ஒன்று. கிவன் நேம் முருகேசன், சர்நேம் சண்முகம் என்று பிரிப்பது இன்னொன்று. முதல் வழியில் போனவருக்கு அமெரிக்க விசாவில் வினோதம் நடக்கும். சர்நேம் இல்லாதவருக்கு, கிவன் நேமில் இருப்பது முழுவதும் சர்நேம் கட்டத்துக்கு இடம் மாறும். முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. கிரீன் கார்டு, வங்கி, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்து கூடவே ஒட்டிக்கொள்ளும். குடியுரிமை வாங்கும்போது பலரும் இதிலிருந்து தப்பிக்கப் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள். சில பேர் அந்த வேகத்தில் ‘முருகேஷ்’ என்றும் சுருக்கிக்கொள்கிறார்கள். விளைவு, சென்னைக் கவுன்ட்டரில் வைக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், குடியுரிமைச் சான்றிதழில் வேறு பெயர், அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் சான்றிதழில் உள்ள பெயர். மூன்றையும் பார்க்கிற அதிகாரிக்கு, இந்த மூன்றும் ஒரே ஆள் என்று சொல்லும் தாள் ஒன்று வேண்டும்.

அந்தத் தாள் எது என்பது பெயர் எப்படி மாறியது என்பதைப் பொறுத்தது. நீதிமன்றம் மூலமாக மாறியிருந்தால் அந்த உத்தரவின் நகல். உறுதிமொழி நாளன்றே நீதிமன்றத்தில் மாறியிருந்தாலும் அதற்கென்று தனித் தாள் கொடுப்பார்கள், அதைத் தொலைக்கக் கூடாது. பெயர் மாறவில்லை, வரிசை மட்டும் முன்பின்னாகியிருக்கிறது, அல்லது ‘எஃப்என்யு’ மட்டும் உதிர்ந்திருக்கிறது என்றால், இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம், நோட்டரி முத்திரையோடு. பாரிமுனைப் பக்கம் எழுதிக் கொடுப்பார்கள். எழுதும்போது இரண்டு பெயரையும் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்கு எழுத்து அப்படியே போட வேண்டும். தந்தை பெயர், பிறந்த தேதி, இரண்டு பாஸ்போர்ட் எண்களும் இருக்க வேண்டும். ‘என்கிற’ என்று ஒரே வார்த்தையில் இரண்டு பெயரையும் முடிச்சுப் போட்டுவிட்டு, எண்களை விட்டுவிட்ட பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பிரமாணப் பத்திரம் வரிசைக் குழப்பத்துக்குத் தான் மருந்து. ‘முருகேசன்’ என்பது ‘மைக்’ என்று ஆகியிருந்தால் அது போதாது, உத்தரவு வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு அடுக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் சர்நேம், அங்கே போய் கணவர் பெயர் சர்நேம். இதற்குப் பாலம் கல்யாணச் சான்றிதழ். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009-இல்தான் வந்தது. அதற்கு முன் கல்யாணம் ஆன பல பேரிடம் மண்டப ரசீதும், பத்திரிகையும், ஆல்பமும்தான் உண்டு. அந்தக் காலத்தில் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்த்திருந்தால் கடைசிப் பக்கமே பாதிச் சான்று. இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய திருமணத்தை இப்போது பதிந்துகொள்ளலாம், ஆனால் அதற்குக் கணவன் மனைவி இருவரும் நேரில் வேண்டும். சரண்டருக்கு நாள் குறிப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை இது. நாள் குறித்துவிட்டு ஓடினால் நாளைத் தள்ளிப்போட வேண்டிவரும். தள்ளிப்போடவும் கணக்கு உண்டு, மூன்று முறைக்கு மேல் விடமாட்டார்கள். பழைய சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சென்னை அலுவலகத்தில் படித்துவிடுவார்கள். பிறகு ஓசிஐக்கு வேறு இடத்தில் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையோடு செய்து வைப்பது உத்தமம்.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் தடுமாறும் இடம் ஒன்றுதான். அமெரிக்காவில் தாயோ தந்தையோ குடியுரிமை பெறும்போது, கிரீன் கார்டோடு அவர்களுடன் வாழும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வந்துவிடுகிறது. தனிச் சான்றிதழ் வருவதில்லை, நேராகப் பாஸ்போர்ட்தான். ஆகவே பிள்ளையின் படிவத்தில் குடியுரிமை பெற்ற தேதியாகப் பெற்றோரின் தேதி வரும். ஆதாரமாகப் பெற்றோரின் சான்றிதழ் நகலும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் வைக்க வேண்டும். சென்னையில் பிறந்த பிள்ளை என்றால் மாநகராட்சி இணையதளத்தில் பிறப்புச் சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம். அதில் பிள்ளை பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் வைப்பதற்கு முன் எடுத்த சான்றிதழில் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

பயணத்தில்தான் பணம் போகிறது. உறுதிமொழி எடுத்தாயிற்று, புதுப் பாஸ்போர்ட் வரவில்லை, ஊரிலிருந்து ‘அப்பாவுக்கு முடியலை, உடனே கிளம்பி வா’ என்று போன். பழைய பாஸ்போர்ட்டில் ஏறி வந்துவிடலாம் என்று தோன்றும். வந்தால், செல்லாத பாஸ்போர்ட்டில் நாட்டுக்குள் நுழைந்ததாகும். திரும்பிப் போக வழியும் இருக்காது. அமெரிக்கா என்றால் கிரீன் கார்டை உறுதிமொழி விழாவிலேயே வாங்கிக்கொண்டிருப்பார்கள். புதுப் பாஸ்போர்ட்டைக் கூரியரில் வரவழைத்தாலும் அதில் இந்திய விசாவோ வருகை முத்திரையோ இல்லை. மீனம்பாக்கத்தில் குடியேற்ற அதிகாரி முதலில் தேடுவது அதைத்தான். பிறகு ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருக்கும் எஃப்ஆர்ஆர்ஓ என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். சரியான வழி, அங்கேயே அவசரப் பாஸ்போர்ட் எடுத்து, ஆன்லைனில் இ-விசா வாங்கி வருவது. சென்னை விமான நிலையத்தில் இ-விசா செல்லும்.

இந்த மாதிரிப் பயணங்களுக்கு அபராதம் உண்டு. எத்தனை முறை வந்து போனார் என்பதற்கேற்ப ஏறும். முத்திரைகளை எண்ணுவது எளிது, மறைக்கப் பார்ப்பது வீண். 2010 ஜூன் 1-க்கு முன் குடியுரிமை பெற்றவர்களுக்கு விதி தனி, கட்டண விகிதமும் தனி. அவர்கள் உறுதிமொழித் தேதியைக் காட்டும் தாளைப் பத்திரமாகக் கொண்டுபோனால் போதும். எல்லாவற்றிலும் மோசமானது, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய பிறகு அதைச் சொல்லாமல் இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்வது. அது தாமதம் இல்லை, பொய்த் தகவல். பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் சிறைத் தண்டனை வரைக்கும் போகும். அப்படிச் செய்தவர் கவுன்ட்டருக்குப் போவதற்கு முன் வக்கீலைப் பார்க்க வேண்டும்.

பாஸ்போர்ட்டே தொலைந்து போயிருந்தால்? தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை பதியலாம், பாஸ்போர்ட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. அத்தோடு எப்போது, எங்கே, எப்படித் தொலைந்தது என்று ஒரு பிரமாணப் பத்திரம். பழைய நகலோ, பாஸ்போர்ட் எண்ணோ, ஃபைல் எண்ணோ ஒன்றாவது கையில் இருந்தால் வேலை பாதி. எதுவுமில்லையா, பழைய விசா விண்ணப்பம், வங்கிக்குக் கொடுத்த கேஒய்சி நகல், முதல் வேலையில் சேர்ந்தபோது கொடுத்த நகல் என்று தேட வேண்டும். கையால் எழுதிய காலத்துப் பாஸ்போர்ட்டுகள் தனி இனம். வழங்கிய இடம் ‘மெட்ராஸ்’ என்று இருக்கும், எழுத்து மங்கியிருக்கும். 2015 நவம்பருக்குப் பிறகு அவை பயணத்துக்குச் செல்லாமலே போய்விட்டன, ஆனால் ஒப்படைக்கும் கடமை போகவில்லை. பழைய பதிவைத் தோண்ட வேண்டியிருப்பதால் இவற்றுக்கு அலுவலகம் நேரம் கேட்கும். வெளிநாட்டுத் தூதரகம் வழங்கிய பாஸ்போர்ட்டைச் சென்னையில் ஒப்படைத்தாலும் அங்கிருந்து உறுதி வர வேண்டும். இந்த இரண்டு வகைக்கும் திரும்பிப் போகும் டிக்கெட்டை முன்பே போட்டுவிடாமல் இருப்பது நல்லது.

ஏஜென்ட் வேண்டுமா? கோடம்பாக்கத்திலும் மண்ணடியிலும் ‘பாஸ்போர்ட், விசா, ஓசிஐ’ என்று போர்டு மாட்டிய டிராவல்ஸ் கடைகள் நிறைய. அவர்களால் செய்ய முடிவது படிவம் நிரப்புவது, நாள் குறிப்பது, நகலெடுத்து அடுக்குவது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கவுன்ட்டரில் நிற்க வேண்டியவர் விண்ணப்பித்தவரே. ‘நீங்க வரவே வேணாம் சார், நாங்க உள்ள பேசிக்கிறோம்’ என்று சொல்லும் கடையின் படியை உடனே இறங்கிவிட வேண்டும். கம்ப்யூட்டர் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு ஒரு இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ உட்கார்ந்து நிரப்பிக்கொடுக்கச் சொன்னால் அதே வேலை சில நூறு ரூபாயில் முடியும். ஒன்று மட்டும் கவனம், மின்னஞ்சலும் மொபைல் எண்ணும் சொந்தமாக இருக்க வேண்டும். ஏஜென்ட் தன் மின்னஞ்சலைப் போட்டுப் பதிந்துவிட்டால், பிறகு எந்தத் தகவலுக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு காசு.

கடைசியில் கையில் வருவது இரண்டு. ஒன்று சான்றிதழ். இன்னொன்று, பலரும் எதிர்பார்க்காதது, பழைய பாஸ்போர்ட்டே திரும்பி வரும், ரத்து முத்திரையோடு. இந்தப் புத்தகத்தைத் தூக்கி எறியக் கூடாது. ஓசிஐக்கு இந்திய வம்சாவளி என்று காட்ட இதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. சான்றிதழை வாங்கியதும் கவுன்ட்டரை விட்டு நகராமல் நாலு விஷயம் பார்க்க வேண்டும்: பெயர் எழுத்து, பிறந்த தேதி, ரத்தான பாஸ்போர்ட் எண், வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எண். இங்கே ஒரு எழுத்து பிசகினால் ஓசிஐ விண்ணப்பத்தில் அது பூதமாகக் கிளம்பும். அங்கேயே சொன்னால் அங்கேயே திருத்தம். மறுநாள் வந்தால் மனு எழுத வேண்டும்.

ஓசிஐ இதே சேவையின் பகுதி இல்லை என்றாலும் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இலக்கு அதுதான். சென்னையில் விண்ணப்பம் போவது எஃப்ஆர்ஆர்ஓவுக்கு. கட்டணம் 15,000 ரூபாய், வெளிநாட்டில் 275 டாலர். விலையில் இங்கேதான் லாபம். ஆனால் சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே விண்ணப்பிக்க முடியாது, ஆறு மாதமாவது தொடர்ந்து தங்கியிருக்க வேண்டும். போட்டோ எடுக்கும்போது ஸ்டுடியோவில் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்று சொன்னால் 35-க்கு 45 மில்லிமீட்டரில் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஓசிஐக்கு வேண்டியது சதுரம், 51-க்கு 51. ‘அமெரிக்கன் விசா சைஸ், ரெண்டுக்கு ரெண்டு இஞ்ச்’ என்று சொன்னால் எந்த ஸ்டுடியோக்காரருக்கும் புரியும், சாஃப்ட் காப்பியும் கேட்டு வாங்க வேண்டும். கையெழுத்துக் கோப்பு உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலம் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் நடுவே சின்னதாகக் கையெழுத்துப் போட்டு முழுத் தாளையும் ஸ்கேன் செய்தால் தளம் ஏற்காது.

சரண்டர் முடிந்ததும் செய்யாமல் விடுகிற சில்லறை வேலைகளும் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் படிவம் 7 கொடுத்து நீக்கிவிட வேண்டும், இனி ஓட்டுப் போட்டால் குற்றம். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு வங்கியில் சாதாரண சேமிப்புக் கணக்கு இருந்தால், வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். மாற்றும்போது கிளையில் சரண்டர் சர்டிபிகேட் நகலைக் கேட்பதுண்டு. பான் கார்டு எண் அப்படியே இருக்கும். ஓசிஐ வாங்கினாலும் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. அப்பாவிடமிருந்து பாகப்பிரிவினையிலோ வாரிசாகவோ வந்தால் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு, இந்தியக் குடிமகனாக இருக்கும்போதும் இதே தடைதான். ஆக, ஊரில் வயல் பேசி அட்வான்ஸ் கொடுத்து வைத்திருப்பவர், அதைத் திருப்பி வாங்குவது பற்றி முன்பே முடிவு செய்ய வேண்டும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் நின்றுகொண்டு யோசிக்கிற விஷயம் இல்லை இது.